பன்னிரண்டு கட்டங்கள்

வின்னிபெக், போர்ட்டேஜ் அவென்யூ மால்.
செருப்புக் கடைக்கும் பிரெட்சல் கடைக்கும் நடுவே
ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், நான்.
குலப்பெயர், கேடயம், குறிக்கோள் வாசகம்:
பத்து நிமிடம், முப்பது டாலர்.
சட்டம் போட்டால் நாற்பத்தைந்து.

சனிக்கிழமைகளில் நான் பிரபுக்களை அச்சடிக்கிறேன்.
காலணியில் தெரு உப்பின் கறையோடு நிற்பவருக்கு
முன்னங்கால் தூக்கிய சிங்கம் ஒன்று,
வெள்ளிப் பட்டை இரண்டு,
லத்தீனில், வீழினும் பணியேன் என்பதுபோல் ஏதோ.
அவர் பிளம்பர். அவர் தாத்தாவும் பிளம்பர்.
சிங்கத்தைச் சுருட்டி
ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பேன்.

கிம்லியிலிருந்து ஒருத்தி வந்தாள்,
லாரி ஓட்டும் லில்யா பியார்னசன்.
"பியார்னியின் மகன் என்று அர்த்தம்.
ஐஸ்லாந்தில் அப்பன் பெயர்தான் பின்னால் ஒட்டும்,
ஆளுக்கு ஆள் மாறும்.
கப்பல் இறங்கியதும் எங்களுக்கு அது உறைந்துவிட்டது.
நாலு தலைமுறையாக எங்கள் வீட்டுப் பெண்களெல்லாம்
எவனோ ஒரு பியார்னிக்கு மகன்கள்."
கேடயம் வேண்டாம் என்றாள்.
கைக்கடிகாரத்துக்கு பாட்டரி கிடைக்குமா என்று
கேட்கத்தான் வந்தாளாம்.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
என் பெயரைத் தட்டினேன்.
தில்லையம்பல்.
பொருத்தம் இல்லை என்றது திரை.
முட்செடியைப் பெயராய்க் கொண்ட
ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றைக் காட்டி
இவர்களா நீங்கள் என்றது.

இல்லை ஐயா.
நாங்கள் மிராபெல் விமான நிலையத்தில் தோன்றியவர்கள்.
எண்பத்தாறு பெப்ரவரி, இரவு பதினொன்றே கால்.
குடும்பப் பெயர் கேட்டார்கள்.
அப்பாவிடம் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமே இருந்தன:
த. குகதாசன்.
புள்ளியை விரித்துச் சொல்லச் சொன்னார்கள்.
தில்லையம்பலவாணர் என்றார்.
ஆங்கிலத்தில் பதினெட்டு எழுத்து.
படிவத்தில் பன்னிரண்டு கட்டம்.

அம்மாவின் தகப்பன் சபாரத்தினம் பத்தெழுத்துக்காரர்,
சேதமில்லாமல் வந்து சேர்ந்தார்.
ஆகவே தாளின்படி அம்மா வேறு குலம்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள்.
எங்களுடையது ஏறத்தான் செய்தது,
வாசற்படி வரை.
மிஞ்சிய அம்பலை அகராதியில் தேடினேன்:
ஊர் வாய்க்குள்ளேயே மெல்லும் பழி,
வெளியே வந்தால் அதற்குப் பெயர் அலர்.
பள்ளியில் தமிழ் தெரிந்த ஒரே பையனுக்கு
அவ்வளவு இலக்கணம் இல்லை.
அவனுக்கு அது வெறும் பல்.
மூன்று வருடம், தில்லைப் பல்.

சரி, கேடயத்தில் என்ன வரைவது?
சிங்கத்தைத் தொடவில்லை.
அது வாளோடு நிற்பதை
அப்பா போதுமான அளவு பார்த்துவிட்டார்.
பன்னிரண்டு கட்டங்கள் போட்டேன், பனி நிறத்தில், காலியாக.
மேல் பட்டையில் பெயர்.
கீழ்ப் பட்டை குறிக்கோளுக்கு.
'கட்டத்துக்குள் எழுதவும்' என்று போட நினைத்தேன்.
பிறகு எதற்கென்று தெரியாமல்
இடம் கிடைக்காமல் போன அந்த ஆறு எழுத்துகளை
ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
ஏ, வி, ஏ, என், ஏ, ஆர்.
வாய்விட்டுப் படித்தேன்.

அவன் ஆர்?

எங்கள் வீட்டுப் பேச்சில் யார் என்பது ஆர்தான்.
பிரெட்சல் கடைப் பையன் தரை துடைத்துக்கொண்டிருந்தான்.
இரண்டாம் முறை மெதுவாகப் படித்தேன்.

"லத்தீனா?" என்றார் காலையில் முதலாளி.
ஓம் என்றேன்.
ஊழியர் தள்ளுபடி பத்து வீதம்.

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார்.
சட்டத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.
மேலே பன்னிரண்டு, கீழே ஆறு,
நடுவில் ஒன்றும் எழுதாத கட்டங்கள்.
மேலிருந்து கீழே,
மூச்சு விடாமல்,
ஒரே பெயராக வாசித்தார்.

பிறகு, இது என்ன விலை என்றார்.